கேம் பாரா, ஓபிஎஸ்ஸா? கடற்கரை ஊர் லேப்டாப்புக்கு எது தோது

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் டியூஷன் பாடத்தை லேப்டாப் திரையிலிருந்து ரெக்கார்ட் செய்ய நினைப்பவர்களுக்குக் காசில்லாத வழிகளில் இரண்டு: விண்டோஸோடு வரும் கேம் பார், தனியாக இறக்கிக்கொள்ளும் ஓபிஎஸ் ஸ்டுடியோ.

கேம் பாரில் விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேலை தொடங்கிவிடும். ஆனால் ஒரே ஒரு செயலியின் ஜன்னலைத்தான் பிடிக்கும். டெஸ்க்டாப் வராது, ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் வராது. ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் காட்டும் ஐந்து நிமிட வீடியோவுக்கு இது தாராளம். பவர்பாயின்ட், பிரவுசர் என்று மாறி மாறிப் போகும் பாடத்துக்கு ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு: கரண்ட். கேம் பார் எம்பி4 கோப்பாக எழுதும். சாதாரண எம்பி4-இல், கோப்பைத் திறக்கத் தேவையான அட்டவணை கடைசியில்தான் பதியும். யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரோ பேட்டரி தேய்ந்த லேப்டாப்போ நடுவில் அணைந்தால் ஒரு மணி நேரப் பாடம் திறக்கவே திறக்காது. ஓபிஎஸ்ஸில் கோப்பு வகையை எம்கேவி என்று வைத்துக்கொண்டால் அணைந்த நொடி வரை தப்பும். பிறகு 'ரீமக்ஸ்' (தரம் குறையாமல் கோப்பு வகையை மட்டும் மாற்றுவது) செய்து எம்பி4 ஆக்கலாம். இது ஒன்றுக்காகவே எங்கள் ஓட்டு ஓபிஎஸ்ஸுக்கு.

படம் திக்கித் திக்கி வந்தால் உடனே ராம் வாங்க ஓடாதீர்கள். ஓபிஎஸ்ஸின் 'ஸ்டாட்ஸ்' பெட்டியைத் திறந்துவைத்துப் பாருங்கள். என்கோடிங் லேக் (வீடியோவைச் சுருக்கி எழுதுவதில் தாமதம்) ஏறினால் பிராசசர் திணறுகிறது: அவுட்புட்டில் பிராசசரையே நம்பும் எக்ஸ்264-ஐ விட்டு, இன்டெல் சிப்பில் இருக்கும் குவிக் சிங்குக்கு மாறுங்கள், 1280×720, 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 படம்) போதும். ரெண்டரிங் லேக் (திரைப் படத்தை உருவாக்குவதில் தாமதம்) ஏறினால் கிராபிக்ஸ் சிப் திணறுகிறது. எஃப்பிஎஸ்ஸைக் குறைத்து, தேவையில்லாத சோர்ஸ்களை (ஓபிஎஸ்ஸில் சேர்த்த ஜன்னல், கேமரா, படம் போன்றவை) நீக்குங்கள். கேம் பாரில் இப்படிக் காரணம் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. லேப்டாப்பில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறிய பிறகு மட்டும் திக்கினால், பேட்டரி சேவரை அணைத்துப் பாருங்கள்.

சத்தத்தில்தான் வம்பு அதிகம். ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கை எடுத்தவுடன் அது போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். எந்த மென்பொருளானாலும் இதே கதைதான், வயர் மைக்கே நல்லது. அந்த வயர் கரகரத்தால் முதலில் பின்னைப் பாருங்கள்: உப்புக்காற்று பட்டுப் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் செருகி நாலைந்து முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். எதிரொலி என்றால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போகிறது. ஹெட்போன் மாட்டினால் தீர்ந்தது. ஃபேன் இரைச்சலுக்கு ஓபிஎஸ்ஸில் இரைச்சலைக் குறைக்கும் ஆர்என்நாய்ஸ் ஃபில்டர் கைகொடுக்கும், பழைய பிராசசரில் அதைவிட இலகுவான ஸ்பீக்ஸ். ஆடிக்காற்றில் பாம்பன் பக்கம் ஜன்னலைத் திறந்துவைத்துப் பேசினால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

பேச்சும் படமும் ஒட்டவில்லையா? எப்படி விலகுகிறது என்று கவனியுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை பேச்சு ஒரே அளவு முந்தினால், ஓபிஎஸ்ஸில் மைக்கின் 'சிங்க் ஆஃப்செட்'டில் அந்த மில்லி செகண்டைப் போட்டால் போதும்; 200 முந்தினால் 200. போகப்போக இடைவெளி வளர்ந்தால் ஆஃப்செட் உதவாது. விண்டோஸ் சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் மைக், ஸ்பீக்கர் இரண்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்திலும், ஓபிஎஸ்ஸின் ஆடியோ அமைப்பிலும் சாம்பிள் ரேட்டை 48000 ஹெர்ட்ஸ் என்று ஒன்றாக வைத்து, ஓபிஎஸ்ஸை மூடித் திறந்து ரெக்கார்ட் செய்து பாருங்கள்.