நினைவு தலைக்குள்ளா, போனுக்குள்ளா?

போன் தொலைந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் "பாதி நானே போயிட்டேன்" என்பார்கள். வெறும் புலம்பல்தானா?

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைக் கேட்டால் ஆமாம் என்பார். 1694-இல் அவர் வைத்த கணக்கு கறாரானது: அன்று செய்ததை 'நான் செய்தேன்' என்று உள்ளுக்குள் உணர முடிந்தால்தான் அன்றிருந்தவரும் நானும் ஒருவர். கேலரியில் கிடக்கும் ஒன்பதாம் வகுப்பு போட்டோ வெறும் தடயம். பார்த்தும் எதுவும் நினைவுக்கு வராவிட்டால், அது என் சாயலில் உள்ள யாரோ.

ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் 1998-இல் வேறு வழியில் போனார்கள். அவர்கள் கற்பனையில் உருவான ஓட்டோவுக்கு மறதி நோய். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 53-ஆம் தெருவில் இருப்பதைத் தன் நோட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொள்கிறார். நோட்டு எப்போதும் கையில் இருக்கிறது. அதில் உள்ளதை அவர் யோசிக்காமல் நம்புகிறார். அப்படியானால் அது அவர் மனதின் ஒரு பகுதி என்பது இவர்கள் வாதம்.

போன் இதில் தேறுமா? அம்மாவின் நம்பர், நோட்ஸில் எழுதிய கடன் கணக்கு எல்லாம் தேறும். ரீல்ஸ் தேறாது, அதைப் பொறுக்கிப் போடுவது நாம் இல்லையே!

பழைய சாட்டைப் படித்து "இதை நானா அனுப்பினேன்?" என்று விழிக்கும்போது எனக்கு லாக் பக்கம்தான் சரியாகப் படுகிறது. மற்றபடி என் ஓட்டு ஓட்டோவுக்கு. அப்புறம் இன்னொன்று: கிளார்க்கும் சால்மர்ஸும் சொல்வது சரியென்றால், கேட்காமல் ஒருவர் போனை நோண்டுவது பையைத் துழாவுவதைவிடப் பெரிய அத்துமீறல்.