கை, ஓஷீன், ஒன்னி: மகனுக்கு எந்தப் பெயர்?

மகனுக்குப் பெயர் தேடியபோது கடைசியில் மூன்று மிஞ்சின: ஹவாய் மொழியின் 'கை', அயர்லாந்தின் 'ஓஷீன்', ஃபின்லாந்தின் 'ஒன்னி'. நாங்கள் வைத்தது ஒன்னி. அதனால் இந்த அலசலில் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

பொருளைப் பார்த்தால் மூன்றுமே அழகு. கை என்றால் கடல். ஓஷீன் என்றால் குட்டி மான். ஐரிஷ் பழங்கதையில் மானாக மாற்றப்பட்ட ஒரு தாயின் மகன் அவன். ஒன்னி என்றால் மகிழ்ச்சி, அதிர்ஷ்டம் இரண்டும்தான். ஃபின்னிஷ் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். பெயர் எவ்வளவு அபூர்வம் என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஃபின்லாந்தில் ஒன்னி சர்வசாதாரணமான பெயர், வெளியே போனால் அபூர்வம். அது எனக்குப் பிடித்திருந்தது.

தேடலின் பாதியிலேயே நின்றுபோன பெயர்களையும் சொல்ல ஆசை, ஏனென்றால் கதைகள் அங்கேதான் அதிகம். மங்கோலியாவில் 'நெர்கூய்' என்ற பெயருக்கு 'பெயரில்லாதவன்' என்று பொருள், 'எனெபிஷ்' என்றால் 'இவன் இல்லை'. குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர், அடுத்த குழந்தையைக் கெட்ட ஆவிகளின் கண்ணிலிருந்து மறைக்க இப்படிப் பெயர் வைத்தார்கள். செர்பியாவில் 'வூக்' என்றால் ஓநாய். 1787-இல் பிறந்த மொழியறிஞர் வூக் கராஜிச்சுக்கு அந்தப் பெயர் வந்ததும் இதே பயத்தில்தான். அவருக்கு முன் பிறந்தவர்கள் பிழைக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை. நைஜீரியாவின் யொருபா மக்களிடம் இரட்டையரில் முதலில் வெளியே வருபவன் தைவோ, அடுத்தவன் கெஹிந்தே. ஆனால் கெஹிந்தேதான் மூத்தவன். உலகம் எப்படி இருக்கிறது என்று ருசி பார்த்து வரத் தம்பியை முன்னால் அனுப்பினானாம்! கானாவின் அகான் மக்கள் பிறந்த கிழமையையே பெயராக்குவார்கள். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை ஆண். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8-ஆம் தேதி வெள்ளிதான்.

ஜப்பானின் 'ரென்' பெயரைக் கைவிட மனமே வரவில்லை. ஆனால் கான்ஜி என்ற ஜப்பானியச் சொல்லெழுத்துகளில் தாமரைக்குரியதில் எழுதினால்தான் அது தாமரை. வேறு கான்ஜியில் எழுதினால் பொருளும் வேறு. நம் எழுத்தில் எழுதும்போது தாமரை அங்கேயே தங்கிவிடுகிறது.

இங்கேதான் எங்களுக்கு எது முக்கியம் என்பது பிடிபட்டது. பெயர் இன்னொரு மொழியின் வாய்க்கும் எழுத்துக்கும் போகும்போது என்ன ஆகிறது? பெரும்பாலான பட்டியல்கள் பெயரையும் பொருளையும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் சூரியனின் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: இந்தி. நியூசிலாந்தின் மாவோரி மக்களின் வனதெய்வம் 'தானே'. ஹீப்ரு மொழியில் கருவாலி மரத்தைக் குறிக்கும் 'அலோன்' பெயரைக் கேட்டதும், தனியாக என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்தான் பலருக்கும் ஞாபகம் வரும்.

கை விழுந்ததும் இதில்தான். ஹவாய் மொழியில் கடலாக இருக்கும் அதே சொல், அதன் உறவு மொழியான மாவோரியில் உணவு. நமக்கோ கை. வயிற்றில் இருந்த பிள்ளையை இரண்டு நாள் அந்தப் பெயரில் கூப்பிட்டுப் பார்த்தோம். "கை அசையுதும்மா" என்று என் மனைவி சொன்னபோது, பக்கத்தில் இருந்த என் அம்மா, "ஏன், கால் அசையலையா?" என்று கேட்டார். சரி, இது வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தோம்.

ஓஷீனுக்கு ஒலியில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் ஆங்கில எழுத்தில்: Oisín. ஐரிஷ் எழுத்துக்கூட்டலைத் தெரியாதவர் அதை 'ஓய்சின்' என்றுதான் வாசிப்பார். எழுத்தை மாற்றினால் ஐரிஷ் அடையாளம் போய்விடும். மாற்றாவிட்டால் பையன் காலம் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்னியில் எங்களுக்கு வாய்த்தது வேறு. ஃபின்னிஷ் மொழியிலும் தமிழைப் போலவே குறில் நெடில் மாறினாலோ, மெய் இரட்டித்தாலோ பொருள் மாறிவிடும். நமக்குப் பலியும் பல்லியும் வேறு. அவர்களுக்கு 'துலி' நெருப்பு, 'தூலி' காற்று, 'துல்லி' சுங்கம். ஆகவே ஒன்னியின் இரட்டை 'ன்' நம் வாயில் தேயாமல் அப்படியே நிற்கிறது. எழுத்திலும் எந்தச் சமரசமும் இல்லை. பேச்சில் தொடக்கத்தில் லேசாக ஒரு 'வ' ஒட்டிக்கொள்ளும், அது பரவாயில்லை.

இதிலும் குறை உண்டு. இரட்டை மெய்யை அழுத்தாத மொழிக்காரர்கள் 'ஒனி' என்று சொல்லிவிடக்கூடும். ஜப்பானிய மொழியில் அது கொம்பு முளைத்த அரக்கன். கொரிய மொழியில் பெண்கள் தங்கள் அக்காவைக் கூப்பிடும் சொல்லும் கிட்டத்தட்ட இதே ஒலிதான். இரண்டும் தெரிந்தேதான் வைத்தோம். மகனுக்கு இப்போது இரண்டு வயது. பள்ளியில் சக பிள்ளைகள் இந்தப் பெயரை என்ன செய்வார்கள், பெரியவனான பிறகு அவனே என்ன நினைப்பான் என்றெல்லாம் என்னால் இப்போது சொல்ல முடியாது.

அப்புறம், பெயர் வைத்த பிறகுதான் ஒன்று தெரியவந்தது. ஃபின்லாந்தில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல 'ஒன்னெஅ' என்பார்கள். அது ஒன்னி என்ற சொல்லின் வேற்றுமை வடிவம். இரண்டாவது பிறந்தநாளன்று காலையில் அவன் கண் விழித்ததும் நான் அதைத்தான் சொன்னேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினான்.