மூன்று பழைய விளையாட்டுகளில் சிம்சிட்டிக்கே என் ஓட்டு

கோடை விடுமுறையில் என் பத்து வயது மகளுக்குப் பழைய கணினி விளையாட்டு ஒன்றைப் பழக்க விரும்பினேன். பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் மூன்றை நிறுவினேன். அதிரடிக்கு 1989இல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', வியூகத்துக்கு 1991இன் 'சிவிலைசேஷன்', நகரம் கட்டி நிர்வகிக்க 1989இன் 'சிம்சிட்டி'. ஒரு மாதம் கழித்து சிம்சிட்டி மட்டும்தான் மிஞ்சியது. அதுவே சரியான தேர்வு என்பேன்.

அழகில் பிரின்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளை அப்படியே வரைந்தார். இன்று பார்த்தாலும் இளவரசனின் கால்களில் உயிர் இருக்கிறது. ஆழத்தில் சிவிலைசேஷன் முன்னே நிற்கிறது. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்காது.

நான் பார்த்தது வேறொன்றை: ஆடுபவர் தவறு செய்தால், அது எங்கே நேர்ந்தது என்று அவருக்குப் புரிகிறதா?

பிரின்ஸில் உடனே புரிந்துவிடும். முள்ளில் விழுந்தால் சாவு, அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் ஓட வேண்டும். ஆனால் மொத்தமே 60 நிமிடம்தான். செத்தாலும் அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. நான்கு முறை விழுந்ததும் மகள் எழுந்து போய்விட்டாள்.

சிவிலைசேஷனில் இதற்கு நேர்மாறு. கி.மு. 4000இல் ஆட்டம் தொடங்குகிறது. ஆரம்பத்தில் நம் முறை ஒன்று முடிந்தாலே ஆட்டத்துக்குள் 20 ஆண்டுகள் ஓடிவிடும். விளைச்சல் இல்லாத இடத்தில் நகரம் வைத்த பிழை பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் உறைக்கும். அதற்குள் காரணம் மறந்துபோகும். கடினமான நிலைகளில் நான் அதிகம் ஆடியதில்லை. பெரியவர்களுக்கு இந்தத் தாமதமே சுவையாக இருக்கலாம்.

சிம்சிட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். மகள் மின்நிலையம் கட்டினாள், சாலை போட்டாள், அதற்கு அப்பால் குடியிருப்புகள் வைத்தாள். எல்லா வீட்டு மனையிலும் மின்னல் குறி விட்டுவிட்டு ஒளிர்ந்தது. திரையை உற்றுப் பார்த்தாள். சாலை குறுக்கே கிடப்பதால் மின்சாரம் அந்தப் பக்கம் போகவில்லை. சாலைக்கு மேலே 5 டாலருக்கு ஒரு துண்டு மின்கம்பி இழுத்தாள்; குறிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த பாடம் இன்னும் நல்லது. பணம் மிச்சம் பிடிக்க ஆண்டு வரவுசெலவில் சாலைப் பராமரிப்பைப் பாதியாக வெட்டினாள். சில மாதங்களில் சாலைகள் அங்கங்கே பெயர்ந்து போயின. வெட்டிய தொகையும் பெயர்ந்த சாலையும் ஒரே மாலைக்குள் கண்ணில் பட்டதால் இரண்டையும் அவளே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

குறை உண்டு. தண்டவாளத்தில் நெரிசலே வராது. சாலையை விட இரண்டு மடங்கு விலை கொடுத்தால் போக்குவரத்துச் சிக்கல் மொத்தமும் தீர்ந்துவிடும். நிஜ நகரம் அவ்வளவு எளிதல்ல. மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அவள் நகரத்தில் ஒரு சாலைகூட இல்லை.