லீவில் வந்து கர்ப்பப்பைக் கட்டிக்கு எம்போலைசேஷன்: சென்னை நிலவரம்

வளைகுடாவிலிருந்து நாலு வார லீவில் வருகிறவர்கள் கல்யாணம், கோயில், துணிக்கடை எல்லாம் முடித்து மூன்றாம் வாரம்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறார்கள். ஃபைப்ராய்டுக்கு, அதாவது கர்ப்பப்பைக் கட்டிக்கு, இந்தக் கணக்கு சரிவராது. எம்போலைசேஷன் என்றால் கட்டிக்கு ரத்தம் போகும் குழாயை அடைத்து அதைச் சுருங்க வைப்பது. சிகிச்சை ஒன்றரை மணி நேர வேலைதான், ஒரு ராத்திரி தங்கினால் பெரும்பாலும் போதும். முன்னும் பின்னும்தான் நாள் பிடிக்கும்.

ஓ.பி. டோக்கன் முதலில் மகப்பேறு டாக்டரிடம் போகும். வயது நாற்பது தாண்டியிருந்தால் "குழந்தைங்க இருக்கில்ல, எடுத்துடலாமே" என்பது சாதாரணமாகக் காதில் விழும். லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையை எடுப்பது தப்பில்லை, ஆனால் வழி அது ஒன்றே இல்லை. எம்போலைசேஷன் செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்தபடியே ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் டாக்டர். அவரைப் பார்க்க வேண்டும் என்று நாமே கேட்டால்தான் பல இடங்களில் சீட்டு எழுதுகிறார்கள்.

வெறும் அல்ட்ராசவுண்டோடு சம்மதிக்காதீர்கள். கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து) போட்ட எம்.ஆர்.ஐ. வேண்டும். கட்டி எந்தப் பக்கம், கர்ப்பப்பையோடு அதை இணைக்கும் காம்பு மெலிந்ததா, அடினோமயோசிஸ் (உள்சவ்வு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது) கூட இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெளிவாகும். கான்ட்ராஸ்ட் ஏறாத கட்டிக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, அதற்கு எம்போலைசேஷன் வீண் செலவு. ஃபிலிம் கவரோடு சி.டி.யும் வாங்கிவிடுங்கள்.

45 வயதுக்கு மேல் ஒழுங்கற்ற உதிரப்போக்கு என்றால் கர்ப்பப்பை உள்சவ்வு பயாப்ஸி எடுப்பார்கள், ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். ஹீமோகுளோபின் குறைவென்றால் இரும்புச்சத்து ஊசியை அங்கிருந்தே போட்டுக்கொண்டு வருவது நல்லது, ஏற இரண்டு மூன்று வாரம் எடுக்கும். கட்டி சுருங்க லூப்ரோலைடு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது ரத்தக்குழாயையும் சுருக்கிவிடலாம், கதீட்டரை (மெல்லிய குழாயை) நுழைப்பது கஷ்டமாகலாம்.

மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கு வழியாகக் கதீட்டரை விட்டு, இரண்டு பக்கக் கர்ப்பப்பைத் தமனியிலும் பெரும்பாலும் 500–700 மைக்ரான் துகள்களைச் செலுத்துவார்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கத்து ரத்தம் கட்டியை வாழவைத்துவிடும். சிலருக்குச் சூலகத் தமனியிலிருந்தும் ரத்தம் வரும், தோல்விக்கு அதுவும் காரணம். துகள் பாட்டிலின் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பற்றி இங்கே குறைத்துச் சொல்கிறார்கள். முதல் ராத்திரி வலி கடுமையாகவே இருக்கும். மார்ஃபின் பம்ப்போ நரம்பு பிளாக்கோ (வலி நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி) உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். "பாராசிட்டமால் ட்ரிப் போடுவோம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் வாரம் லேசான காய்ச்சலும் அசதியும் சகஜம். அதற்குப் பிறகும் காய்ச்சல் அடித்தாலோ, நாற்றமடிக்கும் கசிவு வந்தாலோ தொற்றாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். கர்ப்பப்பையின் உட்குழிப் பக்கமுள்ள கட்டி சில வாரம், சில மாதம் கழித்தும் துண்டாக வெளியேறலாம், அப்போது நீங்கள் தோஹாவில் இருப்பீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு பக்கமும் அடைத்த விவரம் இருந்தால்தான் அங்குள்ள டாக்டருக்கு விஷயம் புரியும். விமானத்துக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

ஆறு மாதத்தில் கட்டியின் கன அளவு பாதியளவு குறையும், முழுதாக மறையாது. குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டியை மட்டும் அகற்றும் மயோமெக்டமியைத்தான் முதலில் சொல்வார்கள். லேப்ராஸ்கோப்பியில் என்றால், வெளியே எடுக்கும் முன் கட்டியைத் தனியான ஒரு உறைப் பைக்குள் வைத்துத்தான் துண்டாக்குவீர்களா என்று கேளுங்கள். கட்டியைத் துண்டாக்கும்போது உள்ளே ஒளிந்திருக்கும் புற்று வயிற்றில் பரவிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்தது இதைப் பற்றித்தான்.

எஸ்டிமேட்டில் துகளும் மைக்ரோகதீட்டரும் சேர்ந்திருக்கிறதா என்று அட்வான்ஸ் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.