தமுக்கம் மைதானம்: பல வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்

மதுரை தல்லாகுளத்துக்காரன் என்பதால் தமுக்கத்தை டிக்கெட் எடுத்தும் எடுக்காமலும் எல்லா விதத்திலும் பயன்படுத்தியிருக்கிறேன். 2022-ல் அங்கே மாநாட்டு மையம் திறந்த பிறகு இப்போது எப்படி இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

புத்தகத் திருவிழாவுக்கு இந்தக் கட்டடம் பெரிய வரம். முன்பு பந்தலில் நடக்கும், சாயங்காலம் ஒரு மழை அடித்தால் போதும், கால் வைக்கிற இடமெல்லாம் சேறு, கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூட ஓடுவார்கள், மழை இல்லாவிட்டால் புழுக்கமும் புழுதியும். இப்போது ஏசி ஹாலில் வயதானவர்கள்கூட நிதானமாக நின்று பக்கம் புரட்டுகிறார்கள். எனக்கு முழுத் திருப்தி.

ஆனால் ஹாலுக்குள் போக ஒரு நிகழ்ச்சி வேண்டும், திடலுக்கு எதுவுமே வேண்டாம். நாயக்கர் காலத்தில் பக்கத்து அரண்மனையில் இருந்துகொண்டு யானைச் சண்டை பார்த்த இடம் இது (அந்த அரண்மனைதான் 1959-ல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம், அவசியம் பாருங்கள்). 1981 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த தமிழன்னை சிலை வாசலில் நிற்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் வந்து திரண்டதும் தமுக்கத்தில்தான், யாரும் யாரையும் கூப்பிடாமலே கூட்டம் சேர்ந்துகொண்டே போனது, அதற்கு ஊர் நடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வெட்டவெளி இருந்தாக வேண்டும்.

சித்திரை மாதம்தான் எனக்கு உயிர். ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்க வந்த கிராமத்து ஜனம் மூட்டை முடிச்சோடு அப்படியே பொருட்காட்சிக்குள் நுழையும், ராட்டினம், டெல்லி அப்பளம், வேளாண்மைத் துறை அரங்கில் விதை பற்றி விசாரிக்கிற பெரியவர், கால் வலித்தால் மண்ணிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். சிமெண்ட் தரையிலும் ஏசி அறையிலும் அவர்களால் அப்படி உட்கார முடியாது. மிச்சமிருக்கும் திறந்த இடத்தில் இனி ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பேன்.

ஓட, பயிற்சி எடுக்க என்றால் இங்கே வராதீர்கள், ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்துக்குப் போங்கள், செயற்கை ஓடுதளம் இருக்கிறது. குடியரசு தினம், சுதந்திர தினத்தில் போலீஸ் அணிவகுப்பு பார்க்க ஆயுதப்படை மைதானம். அப்புறம், புத்தகம் வாங்க வருபவர்கள் வார நாளில் மதியமே வந்துவிடுங்கள், ஞாயிறு சாயங்காலம் கோரிப்பாளையத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும்.