முட்டுக்காட்டில் கொடுவா பிடிக்க லூர் முன்பணம் கட்டுவோர் கவனத்திற்கு

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, நானும் என் மைத்துனரும் முட்டுக்காடு உப்பங்கழியில் லூர் (கொக்கி பொருத்திய செயற்கை இரை) வீசிக் கொடுவா பிடிக்கச் சென்று, ஆளுக்கு 2,500 ரூபாய்க் கட்டணம் போக, லூர்களுக்கு முன்பணமாகக் கட்டிய 5,000 ரூபாயையும் இழந்து திரும்பினோம். தூண்டில் போடுகிறவனுக்கு வெறுங்கை புதிதல்ல என்பதால் மீன் கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. அந்த 5,000 ரூபாய் போன வழியைத்தான் விளக்க விரும்புகிறேன்.

கைப்பேசியில் வந்த விளம்பரத்தில், ஆறேழு கிலோ எடையுள்ள கொடுவாவை ஒருவர் மார்போடு அணைத்து நிற்கும் படம் இருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில் இறால் பண்ணைகளில் சுழலும் காற்றூட்டி தெரிவதை வீடு திரும்பிய பிறகுதான் கவனித்தேன். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் பொரிப்பகத்திலேயே கொடுவாக் குஞ்சுகளை உருவாக்கிக் காட்டிய பிறகு இந்த மீனைக் குளத்தில் வளர்ப்பது எளிதாகியுள்ளது. ஆகவே பெரிய மீனின் படம் கழிமுகத்தில் பிடித்ததற்குச் சான்றாகாது.

“மாலை ஆறு மணிக்கு வற்றம் தொடங்கும் சார், அப்போது கட்டாயம் கடிக்கும்” என்று வழிகாட்டி உறுதி கூறியிருந்தார். வற்றும் நீரோடு இறங்கிவரும் மடவைக் குஞ்சுகளையும் இறாலையும் பாலத் தூண் மறைவில் காத்திருந்து கொடுவா பாய்ந்து பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அன்று கோவளம் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது. கடலோடு தொடர்பற்ற நீரில் ஏது வற்றம்? நீர் குளம்போல நின்றுகொண்டிருந்தது. கோடையில் முகத்துவாரம் அடைபடக்கூடும் என்பது தெரிந்திருந்தும் போய்ப் பார்க்காமல் பணம் அனுப்பியது எங்கள் தவறு.

உபகரணம் அனைத்தும் அவருடையது; எங்கள் லூர்களை எடுத்துவர வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பெயர்பெற்ற வெளிநாட்டு நிறுவனத்தின் லூர்கள் என்றும், தொலைந்தால் ஒன்றுக்கு 950 ரூபாய் என்றும் கரையில் வைத்துத்தான் தெரிவித்தார். பிறகு, ஆளிச் சிப்பி அப்பியிருந்த கற்களை ஒட்டியே வீசுமாறு திரும்பத் திரும்பக் கூறினார். ஒன்றரை மணி நேரத்தில் நான்கு லூர்கள் அறுந்தன. ஒவ்வொரு முறையும், “கொடுவா செவுளால் அறுத்துவிட்டது” என்றார். அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது என்பது தூண்டில்காரர் அனைவருக்கும் தெரியுமாதலால் நாங்களும் நம்பினோம். ஆனால் நான்காவது முறை லீடர் (லூரைக் கட்டும் தடித்த தூண்டில் நரம்பு) முனையை விளக்கொளியில் பார்த்தபோது, அது சுருள்வில் போலச் சுருண்டிருந்தது. வெட்டுப்பட்ட நரம்பின் முனை அப்படிச் சுருளாது. முடிச்சு நழுவினால்தான் சுருளும். முடிச்சுகள் அனைத்தையும் போட்டவர் அவர்தான்.

இடையில் என் மைத்துனருக்கு ஒரு மீன் உண்மையாகவே கடித்தது. துள்ளியெழுந்து தலையை உதறிய அடுத்த கணம் கொக்கி நிமிர்ந்து நேராகிவிட, மீன் போய்விட்டது. கொக்கி வளைந்த இரு லூர்களுக்குப் பழுதுக்கூலி தலா 600 ரூபாய் என்றார். தொலைந்த நான்குக்கு 3,800, பழுதுக்கு 1,200. கணக்கு ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் முன்பணத்தில் வந்து நின்றது!

பழுதுக்கூலி கொடுத்துவிட்டதால் அவ்விரண்டு லூர்களில் ஒன்றை வாதாடி வாங்கிவந்தேன். அதே வகை லூரின் அசல் பெட்டியில் 13 கிராம் என்று அச்சிடப்பட்டுள்ளது. நகைக்கடைத் தராசில் இது 9 கிராம்தான் இருந்தது. புறப்படும்போது அங்கே வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், விடிந்ததும் இரு பையன்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கற்களில் மாட்டிய லூர்களைப் பொறுக்கிச் செல்வது வழக்கம் என்று சிரித்தபடியே கூறினார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துள்ளேன். ரசீது இல்லாததும் பணம் வேறொருவர் கணக்கிற்குச் சென்றதும் இப்போது எனக்கு எதிராக நிற்கின்றன. யாரேனும் இத்தகைய அழைப்பை ஏற்பதாக இருந்தால், லூர் தொலைந்தால் என்ன விலை என்பதைப் பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் கேளுங்கள். சொந்த லூர்களையும் 40 பவுண்டு இழுவை தாங்கும் லீடரையும் கொண்டுவரலாமா என்றும் கேளுங்கள். நான் பிறகு வேறொரு எண்ணிலிருந்து அவரிடமே அதைக் கேட்டபோது, சொந்த உபகரணத்துடன் வருவோருக்கு இடமில்லை என்று பதில் வந்தது.