பாட்டரி டவுன் மண்தட்டு: பறவை பார்க்க இது போதும்

பால்கனியில் பறவை பார்க்க என்ன வாங்கலாம் என்று கேட்டால், பெங்களூரில் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் கிடைக்கும் அகலமான மண்தட்டைத்தான் சொல்வேன். பூந்தொட்டிக்கு அடியில் வைப்பார்களே, அதே தட்டு. ஒரு முழ அகலம், இரண்டு அங்குல ஆழம். 180 ரூபாய் கொடுத்தேன்.

இதற்கு முன் அல்சூரில் எங்கள் வீட்டுப் பால்கனியில் ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் தீனிக்கூண்டு ஒன்று தொங்கியது. கம்பும் தினையும் போட்டால் மாடப்புறாதான் வரும். புல்புல்லுக்குப் பழம் வேண்டும், குண்டுகரிச்சானுக்குப் பூச்சி வேண்டும். தானியத்தை யார் மதிக்கிறார்கள்? புறா எச்சம் காய்ந்து தூளாகப் பறந்தால் நுரையீரலுக்கும் ஆகாது. என் வீட்டுக்காரர் இருமத் தொடங்கியதும் கூண்டைக் கழற்றிவிட்டேன்.

இந்தத் தட்டில் தண்ணீர் வைத்தால் எல்லாரும் வருகிறார்கள். மைனா இறங்கினால் பாதித் தண்ணீர் தரையில். புல்புல் அப்படியில்லை. விளிம்பில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்து, ஒரு முங்கு, உடனே செம்பருத்திக் கிளைக்குத் திரும்பி இறகைக் கோதும். மறுபடி ஒரு முங்கு. காக்கைதான் பெரிய ஆள். தெருமுனை டீக்கடையிலிருந்து காய்ந்த பன் துண்டைக் கொண்டுவந்து தண்ணீரில் போடும். அலகால் புரட்டும். இன்னும் ஊறவில்லை என்றால் திரும்பப் போடும். டீயில் தொட்டுத் தின்கிற நம்மைப் போலத்தான். அது போனதும் தண்ணீரை மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

தேன்சிட்டை மட்டும் தட்டில் நான் பார்த்ததில்லை. செடிக்குத் தண்ணீர் தெளித்ததும் ஈர இலைமேல் விழுந்து புரண்டு குளிக்கிறது. அதற்காகவே இலைகளை நனைத்து விடுகிறேன்.

மண் சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது, தண்ணீரும் கசிந்து கசிந்து குளிர்ந்தே இருக்கும். அதுவே குறையும்கூட. ஏப்ரல் வெயிலில் மத்தியானத்துக்குள் பாதி வற்றிவிடும். பாசியும் பிடிக்கும், சோப்பு வேண்டாம், தேங்காய் நார் போதும். கொசு வருமே என்று கீழ்வீட்டு மாமி பயந்தார். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமாவது வேண்டும், நான் தினமும் கொட்டிக் கழுவுகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாலும் அவ்வப்போது எட்டிப் பார்க்கத்தான் செய்கிறார்.

வாங்கும்போது சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு விற்ற அம்மா, "தண்ணிக்கா அக்கா? அப்ப இத எடுத்துக்கோ" என்று தமிழிலேயே சொல்லி, அடுக்கின் அடியிலிருந்து உருவிக் கொடுத்தார். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள். பிள்ளையார் வேலை மும்முரமாக நடக்கும், தட்டைத் தேடி எடுத்துத் தர யாருக்கும் நேரமிருக்காது.